மருந்துக்கு முன் காரணத்தைத் தேடிய லூயி பாஸ்டர்

கடையில் வாங்கும் பால் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், மலாயிலோ ஆங்கிலத்திலோ பாஸ்டர் என்ற பெயர் ஏதாவது ஒரு வடிவத்தில் அச்சாகியிருக்கும். சூடாக்கிக் கிருமியைக் கொல்லும் முறைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். வெறிநாய்க்கடிக்கு ஊசி கண்டுபிடித்தவர் என்றும் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால், அவருடைய உழைப்பில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் பட்டுப்புழு, ஆடு, மாடு, கோழி, பன்றி, நாய் ஆகியவற்றின் நோய்களோடு கழிந்தன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு மாடு வளர்த்த குடும்பங்களுக்கு அந்த வேதனை புரியும். காலையில் நன்றாக மேய்ந்த மாடு மாலையில் வாயில் நுரை தள்ளிப் படுத்துவிடும். கண்ணேறு என்பார் ஒருவர். விஷப் புல்லைத் தின்றிருக்கும் என்பார் இன்னொருவர். யாரோ வேண்டாதவர் ஏதோ வைத்துவிட்டார் என்பார் மூன்றாமவர். சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு பிரான்ஸ் நாட்டு விவசாயியும் இப்படித்தான் தவித்தார். அந்த நிலையை மாற்றியவர், கால்நடை மருத்துவரும் அல்ல, மனித மருத்துவரும் அல்ல. வேதியியல் படித்த ஒரு பேராசிரியர்.

தோல் பதனிடுபவரின் மகன்

லூயி பாஸ்டர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி, கிழக்கு பிரான்சில் உள்ள டோல் என்ற ஊரில் பிறந்தார். தந்தை நெப்போலியன் படையில் சிப்பாயாக இருந்தவர். போர் முடிந்ததும் தோல் பதனிடும் தொழிலுக்குத் திரும்பினார். குடும்பம் பின்னர் ஆர்புவா என்ற சிற்றூரில் குடியேறியது. பாஸ்டர் அங்கேதான் வளர்ந்தார்.

படிப்பில் ஆரம்பத்தில் அவர் பெரிய கெட்டிக்காரர் அல்ல. படம் வரைவதில்தான் நாட்டம். 15 வயதில் பாரிசுக்குப் படிக்க அனுப்பினார்கள். வீட்டு ஏக்கம் தாங்காமல் சில வாரங்களில் திரும்பி வந்துவிட்டார். பிறகு மனத்தைத் தேற்றிக்கொண்டு மீண்டும் போய், 1843ஆம் ஆண்டு பாரிசின் புகழ்பெற்ற ஆசிரியர் கல்லூரியில் இடம் பிடித்தார்.

1849ஆம் ஆண்டு மேரி லோரன் என்ற பெண்ணை மணந்தார். ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களில் மூன்று பெண் குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்தார்கள். மூத்தவள் ஜானையும் இன்னொரு மகள் செசிலையும் டைபாய்டு காய்ச்சல் கொண்டுபோனது. இரண்டு வயதுக் கமீல் கல்லீரல் கட்டியால் இறந்தாள். கிருமியைப் பற்றி உலகுக்குச் சொல்லப்போகும் மனிதரால் தம் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியவில்லை. அன்று டைபாய்டுக்கு என்ன காரணம் என்றே யாருக்கும் தெரியாது.

சாராயமும் பாலும் புளிப்பது ஏன் என்ற ஆராய்ச்சியில் அவர் முதலில் பெயர் பெற்றார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே அதற்குக் காரணம் என்று காட்டினார். ஒவ்வொரு வகைப் புளிப்புக்கும் ஒவ்வொரு வகை நுண்ணுயிர் உண்டு என்ற அந்த முடிவுதான், பின்னர் நோய்களை நோக்கி அவரைக் கொண்டுசென்றது.

பட்டுப்புழு கற்றுக்கொடுத்த பாடம்

1865ஆம் ஆண்டு, அவருடைய பழைய ஆசிரியர் தூமா ஒரு வேண்டுகோளுடன் வந்தார். தெற்கு பிரான்சில் பட்டுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. 1853ஆம் ஆண்டில் சுமார் 26,000 டன்னாக இருந்த பட்டுக்கூடு விளைச்சல், 1865ஆம் ஆண்டில் சுமார் 4,000 டன்னாக விழுந்துவிட்டது. ஊர் ஊராக மக்கள் வறுமையில் தள்ளப்பட்டார்கள்.

பாஸ்டர் அதுவரை ஒரு பட்டுப்புழுவைக் கையால் தொட்டதுகூட இல்லை. வழியில் ஃபாபர் என்ற பூச்சியியல் அறிஞரைச் சந்தித்தபோது, பட்டுக்கூட்டைக் காதருகில் ஆட்டிப் பார்த்து, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று வியந்தாராம். கூட்டுக்குள் புழு உருமாறிக் கிடக்கும் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் அவர் காட்டிக்கொள்ளவில்லை. அலெஸ் என்ற ஊரில் வீடு எடுத்து, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு, பட்டு விவசாயிகளோடு சேர்ந்து புழு வளர்த்தார்.

நோய் கண்ட புழுவின் உடலில் மிளகுத் தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தன. அதனால் அந்த நோய்க்குப் பெப்ரின் என்று பெயர். நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டை வடிவத்தில் மிகச் சிறிய துகள்கள் பளபளத்தன. தொடக்கத்தில் அந்தத் துகள்கள் நோயின் விளைவு என்றே பாஸ்டர் எண்ணினார். ஆண்டுக்கணக்கில் சோதித்த பிறகே தாம் நினைத்தது தவறு, அவைதான் நோய்க்குக் காரணம் என்று ஏற்றுக்கொண்டார். அது ஓர் ஒட்டுண்ணி. புழுவிலிருந்து புழுவுக்கும் தொற்றும், தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டைக்கும் போகும்.

அதற்கு அவர் சொன்ன வழி எளிமையானது. ஒவ்வொரு பெண் பூச்சியையும் தனித்தனித் துணித் துண்டில் முட்டையிட விடவேண்டும். பிறகு அந்தத் தாய்ப் பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். துகள் இருந்தால் முட்டைகளை எரித்துவிடவேண்டும். இல்லாவிட்டால் வளர்க்கலாம். தமிழ்நாடு, கர்நாடகம் உட்பட இந்தியாவின் பட்டு முட்டை நிலையங்களில் தாய்ப் பூச்சியைச் சோதிக்கும் அந்த முறை இன்றும் நடக்கிறது.

ஆனால், அவர் சொன்னபடி முட்டையைத் தேர்ந்தெடுத்த சிலருடைய புழுக்களும் செத்தன. விவசாயிகள் கோபப்பட்டார்கள். பாஸ்டர் திரும்ப ஆராய்ந்தார். அப்போதுதான் ஒன்று விளங்கியது. ஊரார் ஒரே நோய் என்று நினைத்தது உண்மையில் இரண்டு நோய்கள். இரண்டாவது நோயில் புள்ளி இல்லை. புழு துவண்டு, கருத்து, நாற்றமெடுத்துச் செத்தது. அதற்குக் காரணம் குடலில் பெருகும் வேறு கிருமிகள். ஈரமும் அழுக்கும் படிந்த முசுக்கொட்டை இலை, காற்றோட்டமில்லாத அறை, அதிக வெப்பம், நெருக்கடியான வளர்ப்பு ஆகியவை அந்த நோயை வளர்த்தன. முதல் நோய்க்கு முட்டையைப் பார்க்கவேண்டும். இரண்டாவது நோய்க்குக் கொட்டகையைப் பார்க்கவேண்டும். ஒன்றின் மருந்து மற்றதற்கு உதவாது.

இந்த வேலைக்கு நடுவே, 1868ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், 45 வயதில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. படுக்கையில் இருந்தபடியே சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். அதன் பிறகு வாழ்ந்த 27 ஆண்டுகளும் அவர் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். அவருடைய பெரிய சாதனைகள் பல அதற்குப் பிறகு வந்தவையே.

சபிக்கப்பட்ட வயல்கள்

அடுத்து வந்தது அடைப்பான் நோய். ஆந்த்ராக்ஸ் என்றும் சொல்வார்கள். பிரான்சின் போஸ் சமவெளியில் செம்மறியாடுகள் திடீரென்று விழுந்து செத்தன. இரத்தம் கருத்து உறையாமல் இருந்தது. மேய்ப்பருக்கும் இறைச்சி வெட்டுபவருக்கும்கூட அது தொற்றியது. சில வயல்களில் மேயவிட்டால் ஆடு சாகும் என்று கண்டு, அவற்றைச் சபிக்கப்பட்ட வயல்கள் என்று விவசாயிகள் ஒதுக்கி வைத்தார்கள்.

1876ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த ராபர்ட் கோக் இந்த நோயின் கிருமியை வளர்த்து, அது விதைபோல் கெட்டியான உறைக்குள் நீண்ட காலம் உயிரோடு கிடக்கும் என்று காட்டினார். பாஸ்டர் அதை இன்னொரு வழியில் உறுதி செய்தார். செத்த ஆட்டின் இரத்தத்தில் ஒரு துளியைச் சத்து நீரில் விட்டு வளர்த்தார். அதில் ஒரு துளியை இன்னொரு குடுவைக்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு என்று பல முறை மாற்றினார். கடைசிக் குடுவையில் முதல் இரத்தம் இருக்க வழியே இல்லை. ஆனாலும் அந்தத் துளி ஆட்டைக் கொன்றது. இரத்தத்தில் வேறு நஞ்சு எதுவும் இல்லை, கிருமியே காரணம் என்பதற்கு இனி மறுப்பு இல்லை.

கோழிக்கு மட்டும் ஏன் இந்த நோய் வருவதில்லை என்று அவர் யோசித்தார். கோழியின் உடற்சூடு ஆட்டைவிட அதிகம். கிருமி செலுத்திய கோழியைக் குளிர்ந்த நீரில் நிறுத்தினார். அது செத்தது. நோய் தொடங்கிய இன்னொரு கோழியை நீரிலிருந்து எடுத்துச் சூடாக வைத்தார். அது பிழைத்தது. கிருமி மட்டும் போதாது, உடலின் நிலையும் சேரவேண்டும் என்பது இதில் தெளிவாயிற்று.

சபிக்கப்பட்ட வயலின் இரகசியத்தை மண்ணில் கண்டார். சார்த்ரே நகருக்கு அருகே ஒரு பண்ணையில் நடந்துகொண்டிருந்தபோது, ஓரிடத்தில் மட்டும் மண்ணின் நிறம் வேறாக இருந்தது. கேட்டபோது, செத்த ஆடுகளை அங்கே புதைத்ததாக உரிமையாளர் சொன்னார். மண்ணின் மேல் மண்புழுக்கள் தள்ளிய சிறு குவியல்கள் கிடந்தன. ஆழத்தில் கிடந்த கிருமியை மண்புழு மேலே கொண்டுவருகிறது, அது புல்லில் படிகிறது, முள்ளும் காய்ந்த தாளும் குத்திய வாய்ப்புண் வழியாக ஆட்டின் உடலுக்குள் போகிறது என்று அவர் விளக்கினார். மேய்ச்சல் நிலத்தில் செத்த மாட்டைப் புதைக்காதீர்கள் என்று அவர் விவசாயிகளை வற்புறுத்தினார்.

பழைய குடுவையும் பிழைத்த கோழிகளும்

அதே காலத்தில் கோழி காலரா என்ற நோயையும் அவர் ஆராய்ந்தார். அந்த நோயால் செத்த சேவலின் தலையை அவருக்கு அனுப்பி வைத்தவர் துலூஸ் நகரக் கால்நடை மருத்துவப் பள்ளிப் பேராசிரியர் தூசேன். 1879ஆம் ஆண்டு கோடை விடுமுறைக்குப் பிறகு, நெடுநாள் கிடந்த பழைய கிருமிக் குடுவையிலிருந்து கோழிகளுக்கு ஊசி போட்டார்கள். கோழிகள் சாகவில்லை. அதே கோழிகளுக்குப் பின்னர் புதிய கிருமியைச் செலுத்தியபோதும் அவை பிழைத்தன. பழைய குடுவைக் கிருமி வலுவிழந்து, கோழியின் உடலுக்குத் தற்காப்பைக் கற்றுக்கொடுத்துவிட்டது என்று பாஸ்டர் புரிந்துகொண்டார். இது ஒரே நாளில் நடந்த அதிர்ஷ்டம்போல் சொல்லப்படுவது உண்டு. ஆய்வேடுகளைப் படித்த வரலாற்றாசிரியர்கள் அதற்குப் பின்னால் மாதக்கணக்கான உழைப்பும், உதவியாளர் எமில் ரூவின் பெரும் பங்கும் இருந்ததாகச் சொல்கிறார்கள்.

அந்தக் கிருமியின் இனத்துக்குப் பின்னாளில் பாஸ்டரெல்லா என்று அவர் பெயரையே வைத்தார்கள். அதே கிருமியின் வேறு வகைதான், எருமையையும் மாட்டையும் ஓரிரு நாளில் சாய்த்துவிடும் தொண்டை அடைப்பான் நோய்க்குக் காரணம். நம் நாட்டில் ஹவார் பெர்டாரா என்று மலாயில் சொல்லப்படுவது அதுவே.

ஊர் கூடிப் பார்த்த சோதனை

அடைப்பானுக்கும் தடுப்பூசி கண்டுவிட்டதாகப் பாஸ்டர் அறிவித்தார். ரோசிஞோல் என்ற கால்நடை மருத்துவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. எல்லார் கண் முன்னும் செய்து காட்டட்டும் என்று அழைப்பு வந்தது. பாரிசுக்குத் தென்கிழக்கே பூயி லெ ஃபோர் என்ற சிற்றூரில், விவசாயச் சங்கம் 60 ஆடுகளைக் கொடுத்தது. 25 ஆடுகளுக்குத் தடுப்பூசி போடவேண்டும். 25 ஆடுகளுக்குப் போடக்கூடாது. மீதி 10 ஆடுகளை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டுவிடவேண்டும். சில மாடுகளும் சேர்க்கப்பட்டன.

1881ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி முதல் ஊசி, 17ஆம் தேதி இரண்டாம் ஊசி. 31ஆம் தேதி இரு பிரிவுக்கும் வீரியமுள்ள கிருமி செலுத்தப்பட்டது. மறுநாள் தடுப்பூசி போட்ட ஆடுகள் சிலவற்றுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தபோது பாஸ்டர் நிலைகுலைந்தார். ரூவைக் கடிந்துகொண்டார், தூக்கமில்லாமல் இரவைக் கழித்தார். ஜூன் 2ஆம் தேதி காலை ரோசிஞோலிடமிருந்து வெற்றி என்று தந்தி வந்தது. விவசாயிகளும் மருத்துவர்களும் செய்தியாளர்களும் திரண்டிருந்த கொட்டகையில், தடுப்பூசி போட்ட ஆடுகள் எழுந்து நின்று தீனி தின்றன. போடாத ஆடுகளில் பெரும்பாலானவை செத்துக் கிடந்தன. மீதியும் அன்று மாலைக்குள் செத்தன.

இந்த வெற்றியில் ஒரு கறையும் உண்டு. அடைப்பானுக்கு முதலில் தடுப்பூசி செய்து 1880ஆம் ஆண்டே அறிவித்தவர், முன்பு சேவல் தலையை அனுப்பிய அதே தூசேன். கிருமியைச் சூட்டாலும் இரசாயனத்தாலும் வலுவிழக்கச் செய்வது அவர் முறை. காற்றில் உள்ள பிராணவாயுவால் வலுவிழக்கச் செய்வதே தம் முறை என்று பாஸ்டர் சொல்லிவந்தார். ஆனால், பூயி லெ ஃபோரில் உண்மையில் பயன்படுத்தப்பட்டது, உதவியாளர் ஷாம்பர்லான் இரசாயனம் சேர்த்துச் செய்த ஊசி. அது தூசேனின் வழிக்கு நெருக்கமானது. பாஸ்டர் அதை வெளியில் சொல்லவில்லை. அவருடைய குடும்பம் காத்துவந்த ஆய்வேடுகள் 1970களில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்ட பிறகே முழு விவரமும் தெரியவந்தது. தூசேன் நோயில் விழுந்து 1890ஆம் ஆண்டு 43 வயதில் இறந்தார். கால்நடை மருத்துவருக்குச் சேரவேண்டிய பெயரில் ஒரு பங்கு அவருக்குக் கிடைக்காமலே போயிற்று.

பாஸ்டரின் சீடர்களும் விலை கொடுத்தார்கள். பன்றிகளைக் கொல்லும் செந்தோல் நோய்க்குத் தடுப்பூசி காண உழைத்த இளைஞர் லூயி தூயிலியே, 1883ஆம் ஆண்டு எகிப்தில் பரவிய காலராவை ஆராயப் போய், அதே நோய்க்கு 27 வயதில் பலியானார்.

நாயிலிருந்து மனிதனுக்கு

கடைசியாக வெறிநோய். எவ்வளவு தேடியும் அதன் கிருமி நுண்ணோக்கியில் தெரியவில்லை. அது வைரஸ். அந்தக் காலக் கருவிக்கு அகப்படாத அளவு சிறியது. கிருமியைக் காணாமலே பாஸ்டர் வேலையைத் தொடர்ந்தார். அது மூளையிலும் தண்டுவடத்திலும் குடியிருக்கிறது என்று கண்டு, முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, நாளுக்கு நாள் அதன் வீரியத்தைக் குறைத்தார். அதைக் கொடுத்து நாய்களைக் காத்துக் காட்டினார். இதற்காகப் பல நாய்களும் முயல்களும் உயிர் விட்டன என்பதையும் மறக்க முடியாது.

1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி, வெறிநாய் 14 இடங்களில் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனைத் தாய் அழைத்து வந்தார். பாஸ்டர் மருத்துவர் அல்ல. மனிதனுக்கு ஊசி போட அவருக்கு உரிமை இல்லை. மருத்துவர் கிராஞ்சே ஊசி போட்டார். மொத்தம் 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான். அதே ஆண்டு நவம்பரில், கடிபட்டு 37 நாள் கழித்து லூயிஸ் பெல்தியே என்ற 10 வயதுச் சிறுமியைக் கொண்டுவந்தார்கள். காலம் கடந்துவிட்டது என்று தெரிந்தும் பாஸ்டரால் மறுக்க முடியவில்லை. அவள் இறந்தபோது படுக்கையருகே இருந்து அழுதார்.

1888ஆம் ஆண்டு பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அதன் பெயரைக் கொண்ட நிலையங்கள் பல நாடுகளில் எழுந்தன. நீலகிரி மலையில் குன்னூரில் 1907ஆம் ஆண்டு தொடங்கிய பாஸ்டர் நிலையம் தென்னிந்தியாவில் நாய்க்கடிபட்ட எத்தனையோ பேருக்கு உயிர் கொடுத்தது. பாஸ்டர் 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி காலமானார். அந்த நாளே இன்று உலக வெறிநோய் விழிப்புணர்வு நாள்.

நமக்கு எட்டிய பாடம்

பட்டுப்புழுவில் நடந்த குழப்பம் நூறாண்டுக்கும் மேல் கழித்து நம் நாட்டிலும் நடந்தது. 1998ஆம் ஆண்டு ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. ஏற்கெனவே தெரிந்த ஜப்பானிய மூளையழற்சி என்று நினைத்துக் கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. நோய் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999ஆம் ஆண்டு மார்ச் மாதம், மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் வேறொரு புதிய வைரசைக் கண்டார். அதுதான் நிப்பா. கொசு அல்ல, நோயுற்ற பன்றியோடு நெருங்கிப் பழகியதே காரணம். பன்றிக்கு அது பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது. அதற்குள் 265 பேருக்கு நோய் கண்டு, 105 பேர் இறந்திருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. சிங்கப்பூரிலும் பன்றி வெட்டுமிடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்றி, ஒருவர் இறந்தார்.

வெறிநோயும் பழங்கதை அல்ல. 2015ஆம் ஆண்டு பெர்லிஸ், கெடா, பினாங்கில் நாய்களிடம் அது திரும்ப வந்தது. 2017ஆம் ஆண்டிலிருந்து சரவாக்கில் மனித உயிர்களையும் எடுத்து வருகிறது.

ஆகவே ஆடு, மாடு, கோழி வைத்திருப்போர் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். காரணம் தெரியாமல் செத்த பிராணியை வெட்டிப் பங்கு போடாதீர்கள், ஆற்றில் வீசாதீர்கள், மேய்ச்சல் நிலத்தில் நீங்களாகப் புதைக்காதீர்கள். கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். நாய் கடித்தால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

பாரிசில் பாஸ்டர் நிலையத்தின் கீழே அவருடைய கல்லறை இருக்கிறது. அதன் மேல் வளைவுகளில் வண்ணக் கற்களால் முசுக்கொட்டைச் செடி, செம்மறியாடு, கோழி, நாய் என்று பதித்திருக்கிறார்கள். அவர் வாழ்நாளெல்லாம் யாருடைய நோய்க்குக் காரணம் தேடினாரோ, அந்தப் பிராணிகள் இன்றும் அவருக்குத் துணையாக நிற்கின்றன.